ராத்திரி அழுதால் யார் வருவார்கள்? - கிப்புட்ஸ் குழந்தைகள் இல்லங்களின் கதை

போன வாரம் எங்கள் வகுப்பில் சின்னதாக ஒரு பட்டிமன்றம் நடந்தது. "கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுவது நல்லதா, கெட்டதா?" என்று தலைப்பு. அம்மாவைத் தவிர வேறு யாராலும் குழந்தையை வளர்க்க முடியாது, காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை பாசம் தெரியாமல் போய்விடும் என்றது ஒரு அணி. நாலு பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தால்தான் பகிர்ந்துகொள்ளவும் விட்டுக்கொடுக்கவும் வரும், வீட்டிலேயே வளர்ந்தது அம்மா முந்தானையை விடாது என்றது எதிரணி. இரண்டு பக்கத்துக்கும் நல்ல கைத்தட்டல். நடுவர் வழக்கம்போல "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். இதையெல்லாம் உலகத்தில் யாரும் செய்தே பார்த்ததில்லை என்பதுபோல இரண்டு அணியும் பேசியது. செய்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு காப்பகத்தில் பத்துக் குழந்தைகளை வைத்து இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஏறக்குறைய எழுபது வருடம், ஊரில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் ஒன்றாக வைத்து வளர்த்திருக்கிறார்கள். பகலில் மட்டுமில்லை, ராத்திரியிலும். அந்த ஊர்களுக்குப் பெயர் கிப்புட்ஸ். இந்தப் பதிவு அந்தக் குழந்தைகளைப் பற்றியது.

கிப்புட்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இஸ்ரேலில் உள்ள கூட்டுப் பண்ணைக் கிராமம். பழைய முறையில் நிலம், மாடு, டிராக்டர், சமையலறை எல்லாம் பொதுவாக இருந்தன. சம்பளம் இருக்கவில்லை. சாப்பாடு பொது உணவுக்கூடத்தில் நடந்தது, துணி பொது சலவைக்கூடத்துக்குப் போனது. முதல் கிப்புட்ஸ் தெகானியா, 1910ல் கலிலேயா ஏரியின் தென்கரையில் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் தொடங்கினார்கள். (அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த அரபு மக்களுக்கு என்ன ஆனது என்பது இதைவிடப் பெரிய கதை. அதை இங்கே ஒரு பத்தியில் அடைக்க முயன்றால் அநியாயமாகிவிடும், அதனால் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.)

எல்லோரும் இளைஞர்கள். நிலத்தை எப்படிப் பங்கிடுவது, வேலையை எப்படிப் பங்கிடுவது என்றெல்லாம் இரவிரவாகப் பேசி முடிவெடுத்தவர்கள், குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவே இல்லை! 1913ல் தெகானியாவின் முதல் குழந்தை பிறந்தது. அம்மா மிரியம் பராட்ஸ். மாட்டுத் தொழுவ வேலையை விட முடியாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். குழந்தையைத் தொழுவத்துக்கே தூக்கிப்போய் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால் கறந்தார். ஒரு குழந்தை என்றால் சரி, ஐந்து பத்து ஆனால்? அங்கே இரண்டாவதாக 1915ல் பிறந்தது யார் தெரியுமா? பிற்காலத்தில் ஒற்றைக் கண் பட்டையோடு உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த தளபதி மோஷே தயான்.

ஆளுக்கு ஒரு அம்மா வீட்டில் உட்கார்ந்தால் பாதிப் பேர் வேலைக்குப் போக முடியாது. ஒருவரே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் மூன்று பேர் வயலுக்குப் போகலாம். கணக்கு இவ்வளவுதான். இதோடு அந்தக் காலத்து வாழ்க்கை நிலைமையும் சேர்ந்தது. பெரியவர்கள் கூடாரத்தில் படுத்தார்கள், மலேரியா ஆளைக் கொன்றது, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. ஊரில் கல் கட்டடம் ஒன்று எழும்பினால் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல பால், நல்ல கூரை, கொசுவலை எல்லாம் முதலில் அங்கேதான். ஆக, குழந்தைகள் இல்லம் குழந்தைகளை ஒதுக்கிவைக்கக் கட்டியது அல்ல. இருந்ததில் சிறந்ததைக் கொடுப்பதற்காகக் கட்டியது. பின்னால் வந்த குறைகளைப் படிக்கும்போது இதை மறக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கொள்கை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. "என் வீடு, என் பிள்ளை" என்பதுதான் சொத்து ஆசைக்கு வேர் என்று அவர்கள் நம்பினார்கள். ஐரோப்பிய யூதக் குடும்பத்தில் அப்பா வைத்ததே சட்டம், அம்மா அடுப்படியில். அதிலிருந்து தப்பி வந்தவர்கள் அதே குடும்பத்தை மறுபடி கட்ட விரும்பவில்லை. அதோடு 1920களில் ஃப்ராய்டின் கருத்துகளும் வந்து சேர்ந்தன. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள மனச்சிக்கல்தான் நரம்புக் கோளாறுகளுக்குக் காரணம் என்றால், கண்டிப்பு, குளிப்பாட்டுதல், கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் விட்டுவிடலாம், பெற்றோர் கொஞ்சுவதற்கு மட்டும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். படிக்கும்போது அவ்வளவு முட்டாள்தனமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இதில் பயமாக இருக்கிற விஷயம்.

ஒரு குழந்தையின் நாள் எப்படி இருந்தது? பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து வந்ததும் குழந்தை நேரே கைக்குழந்தைகள் இல்லத்துக்குப் போகும். முதல் சில வாரங்கள் அம்மா பெரும்பாலும் கூடவே இருப்பார். பிறகு அரைநாள் வேலை, பால் கொடுக்க மட்டும் வருவார். முதல் வருடம் முடிவதற்குள் முழு வேலைக்குத் திரும்பியிருப்பார். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மெட்டபெலெத் என்று பெயர். எபிரேய மொழியில் "கவனித்துக்கொள்பவள்" என்று பொருள். ஒருவருக்கு மூன்று நான்கு குழந்தைகள் இருக்கும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, திட்டுவது எல்லாம் அவர்தான். கிப்புட்ஸ்காரர்கள் "அன்பு மணி நேரம்" என்று ஒன்று வைத்திருந்தார்கள். வேலைக்கு நடுவில் அம்மா ஓடிவந்து குழந்தையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அப்பா அம்மா இருவரும் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தங்கள் அறைக்குக் கூட்டிப்போவார்கள். இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சமையல் இல்லை, துணி துவைப்பது இல்லை, ஆபீஸ் ஃபைல் இல்லை. முழுக்கவும் பிள்ளையோடுதான். (உண்மையைச் சொன்னால், இன்றைக்கு நகரத்தில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஒரு குழந்தைக்கு இவ்வளவு கிடைக்கிறதா என்பது சந்தேகம்தான்.) பிறகு பிள்ளையை மறுபடி இல்லத்துக்குக் கூட்டிப்போய், படுக்கவைத்து, முத்தம் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பெற்றோர் கிளம்பிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு, ராத்திரி.

ஊர் முழுக்க உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களுக்கும் சேர்த்து இரவுக் காவலுக்கு இரண்டு பெண்கள். அவர்களும் நிரந்தரம் கிடையாது. ஊரில் உள்ள பெண்கள் வாரத்துக்கு இருவர் என முறைவைத்து வருவார்கள். குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த மெட்டபெலெத் அந்நேரம் தன் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். காவல் பெண்கள் ஒரு இல்லத்திலிருந்து இன்னொரு இல்லத்துக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். பிற்காலத்தில் இல்லங்களில் ஒலிவாங்கி வைத்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து எங்கே அழுகை கேட்கிறது என்று கவனித்தார்கள். ஒரு குழந்தை கெட்ட கனவு கண்டு எழுந்து அழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் பெண் வேறு இல்லத்தில் இன்னொரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து வருவார். வருகிறவர் இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர்.

பெரிய பிள்ளைகள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். பயந்த பிள்ளை பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு போய்ப் படுத்துக்கொள்ளும். சிலர் இருட்டில் எழுந்து அப்பா அம்மா அறைக்கு ஓடுவார்கள். அங்கே அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் பெரும்பாலான பெற்றோர் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். ஊர்க் கட்டுப்பாடு அப்படி. ரான் தால் என்ற இயக்குநர், அவரும் கிப்புட்ஸ் பிள்ளைதான், 2007ல் "சூரியனின் குழந்தைகள்" என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். பழைய வீட்டுப் படச்சுருள்கள் திரையில் ஓட, வயதானவர்களின் குரல்கள் பின்னால் பேசிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வெயிலில் வெறுங்காலோடு ஓடுகிற, சிரிக்கிற படங்கள். அந்தச் சிரிப்பும் பொய்யில்லை, அந்த இரவுகளும் பொய்யில்லை.

1951ல் இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு அறிக்கை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள், அனாதை இல்லக் குழந்தைகள், மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்த குழந்தைகள் ஆகியோரைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி, சின்ன வயதில் தாயோடு நெருக்கமான, தொடர்ச்சியான உறவு கிடைக்காத குழந்தையின் மனவளர்ச்சி பாதிக்கப்படும் என்று சொன்னார். உலகம் முழுவதும் அது பரவியது. சில மணி நேரம் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பகல் காப்பகங்கள் மீதும் அந்தப் பயம் விழுந்தது. அனாதை இல்லத்தையும் பகல் காப்பகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய அந்த வேலையை இன்று வரை நாம் தொடர்கிறோம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் பட்டிமன்றமே சாட்சி.

பௌல்பி சொல்வது சரியா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு கிப்புட்ஸ் ஒரு தங்கச்சுரங்கமாக இருந்தது. அங்கே பெற்றோர் சாகவில்லை, விட்டுவிட்டு ஓடவில்லை, ஏழைகளுமில்லை. தினமும் வருகிறார்கள், கொஞ்சுகிறார்கள். வளர்ப்பு மட்டும் வேறு. அமெரிக்க மானிடவியலாளர் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ ஒரு கிப்புட்ஸில் தங்கி ஆராய்ந்து 1958ல் புத்தகம் போட்டார். உளவியலாளர் ஆல்பர்ட் ரபின் 1965ல் இன்னொன்று. ரபின் கண்டது சுவாரஸ்யமானது. கிப்புட்ஸ் கைக்குழந்தைகள், வீட்டில் வளர்ந்த குழந்தைகளைவிட ஆட்களோடு பழகும் திறனில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தப் பின்னடைவைக் காணவில்லை. சிலவற்றில் முன்னாலேயே இருந்தார்கள். 1969ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம்தான் மிகப் பிரபலம். சில வாரங்கள் மட்டும் அங்கே இருந்துவிட்டு, இவர்கள் நல்ல குடிமக்கள், ஆனால் ஆழமான தனிப்பட்ட உணர்ச்சி குறைவு என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மொழிகூடச் சரியாகத் தெரியாமல், ஏழு வாரத்தில் ஒரு தலைமுறையின் மனதை அளந்துவிட முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நண்பர்களோடு பழகும் விஷயத்தில் கிப்புட்ஸ் பிள்ளைகள் எப்படி? இங்கேதான் எங்கள் எதிரணிக்கு நல்ல செய்தி. 1969ல் ஷபிரா, மேட்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒரு சதுரப் பலகை, நடுவில் ஒரு பேனா, அதிலிருந்து நாலு மூலைக்கும் நாலு கயிறு. மூலைக்கு ஒரு பிள்ளை. ஒருவன் மட்டும் இழுத்தால் பேனா அவன் பக்கம் போகாது, மற்றவர்கள் கயிறைத் தளர்த்தினால்தான் போகும். முதலில், எல்லா வட்டங்களிலும் பேனா கோடு போட்டால் எல்லோருக்கும் பரிசு என்றார்கள். நகரப் பிள்ளைகளும் கிப்புட்ஸ் பிள்ளைகளும் ஒத்துழைத்து விளையாடினார்கள். பிறகு விதியை மாற்றி, அவரவர் வட்டத்தில் கோடு விழுந்தால் அவரவருக்கு மட்டும் பரிசு என்றார்கள். நகரப் பிள்ளைகள் உடனே ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள், யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிப்புட்ஸ் பிள்ளைகளோ முறைவைத்து விட்டுக்கொடுத்தார்கள், எல்லோருக்கும் பரிசு கிடைத்தது.

கூட வளர்ந்த பிள்ளைகளுக்குள் இருந்த உறவு நண்பர்கள் என்பதையும் தாண்டியது. ஒரே அறையில் படுத்து, ஒன்றாகக் குளித்து, தங்களுக்கென்று இருந்த குட்டிப் பண்ணையில் ஆட்டுக்கும் கோழிக்கும் தீனி போட்டு வளர்ந்தவர்கள். பெரியவர்களானதும் இவர்களுக்குள் கல்யாணம் நடந்ததா? ஜோசஃப் ஷெஃபர் என்ற சமூகவியலாளர் 1971ல் 2,769 கல்யாணங்களின் விவரத்தை எடுத்துப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை இடைவிடாமல் ஒரே குழுவில் வளர்ந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுகூட இல்லை. யாரும் தடுக்கவில்லை. பெற்றோருக்கு ஆசைகூட இருந்தது. பிள்ளைகளுக்குத்தான் அந்த எண்ணமே வரவில்லை, அண்ணன் தங்கை மாதிரி.

இதெல்லாம் பெரிய பிள்ளைகளைப் பற்றியது. கைக்குழந்தைகளை எப்படி அளப்பது? 1970களில் மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வழி காட்டியிருந்தார். ஒரு வயது ஒன்றரை வயதுக் குழந்தையை அம்மாவோடு புதிய அறையில் விட்டு, அம்மா சில நிமிடம் வெளியே போய் வரவேண்டும். பிரியும்போது அழுவதைவிடத் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். அம்மாவிடம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனால் பாதுகாப்பான பிணைப்பு. கண்டுகொள்ளாமல் திரும்பிக்கொண்டாலோ, ஒட்டிக்கொண்டே அடித்து உதைத்து ஆறாமல் அழுதாலோ பாதுகாப்பற்ற பிணைப்பு.

ஹைஃபா பல்கலைக்கழகத்தின் அவி சகி என்பவரும் கூட்டாளிகளும் 1985ல் இந்தச் சோதனையைக் கிப்புட்ஸ் குழந்தைகளிடம் நடத்தினார்கள். அம்மாவோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்தவர்கள் 59 சதவீதம். இஸ்ரேல் நகரங்களில் பகல் காப்பகத்துக்குப் போன குழந்தைகளில் அது 75 சதவீதம். மீதிக் கிப்புட்ஸ் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டாவது வகை, அதாவது அம்மா வந்த பிறகும் ஆறாமல் அழுகிறவர்கள். சரி, பௌல்பி ஜெயித்தார், காப்பகம் தோற்றது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். பலர் நிறுத்தியும் விட்டார்கள்.

அந்த ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. அதே குழந்தைகளை ஐந்து வயதில் பாலர் பள்ளியில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். டேவிட் ஓப்பன்ஹைம், சகி, மைக்கேல் லாம்ப் மூவரும் 1988ல் வெளியிட்ட முடிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற பிள்ளைகளின் உணர்வைப் புரிந்துகொள்வது, குழுவில் முன்னால் நிற்பது, தனியாக ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது ஆகியவற்றில் யார் முன்னால் இருந்தார்கள்? கைக்குழந்தையாக இருந்தபோது தங்கள் மெட்டபெலெத்தோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்தவர்கள். அம்மாவோடோ அப்பாவோடோ இருந்த பிணைப்பைக் கொண்டு இதைக் கணிக்க முடியவில்லை!

எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். மற்ற பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்று குழந்தை கற்றது மற்ற பிள்ளைகள் நடுவில்தான். அந்த இடத்தில் அவர்களோடு இருந்த பெரிய மனுஷி மெட்டபெலெத். அவரை நம்ப முடிந்த குழந்தை பயமில்லாமல் அடுத்த பிள்ளையிடம் போனது. நம்ப முடியாத குழந்தைக்கு அந்த அறையில் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள், சாய்ந்துகொள்ள ஆள் இல்லை. ஆக "நாலு பிள்ளைகளோடு விட்டால் தானாகப் பழகிக்கொள்ளும்" என்ற எதிரணியின் வாதம் பாதிதான் சரி. ஐந்தாவதாக ஒரு ஆள் வேண்டும்.

அப்படியானால் அந்த 59 சதவீதம் எதனால்? பகலில் அம்மா இல்லாததாலா? இதற்குப் பதில் 1994ல் கிடைத்தது, அதுவும் கிப்புட்ஸ் மாறிக்கொண்டிருந்ததால் மட்டும்தான் கிடைத்தது. அதற்குள் பல கிப்புட்ஸ்கள் குழந்தைகளை இரவில் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன, சில இன்னும் பழைய முறையில் இருந்தன. சகி குழுவினர் 48 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 23 பேர் இல்லத்தில் தூங்குபவர்கள், 25 பேர் வீட்டில் தூங்குபவர்கள். பகலில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி இல்லம், ஒரே மாதிரி மெட்டபெலெத், ஒரே மாதிரி நேரம். அம்மா குழந்தையோடு விளையாடும் விதம், குழந்தையின் பிறவிக் குணம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. ஒரே வித்தியாசம் ராத்திரி. வீட்டில் தூங்கியவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பான பிணைப்பு. இல்லத்தில் தூங்கியவர்களில் 48 சதவீதம்.

48 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு சுத்தமாக ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறி நிற்கிற ஒப்பீடு குழந்தை வளர்ப்பு ஆராய்ச்சியில் அபூர்வம். யாரும் வேண்டுமென்றே இப்படி ஒரு சோதனை நடத்தவும் முடியாது. முழுநாள் காப்பகத்தில் இருந்த குழந்தைகளில் ஐந்தில் நாலு பேருக்கு அம்மாவோடு நல்ல பிணைப்பு. எங்கள் முதல் அணி இதை என்ன செய்யும் என்று தெரியவில்லை. இருட்டில் எழுந்து அழும்போது தெரிந்த முகம் வரவில்லை என்பதுதான் மற்றக் கூட்டத்தை வேறாக்கியது. அம்மா சாயங்காலம் மூன்று மணி நேரம் எவ்வளவு பாசமாக இருந்தாலும், ராத்திரி கூப்பிட்டால் வரமாட்டார் என்பதை ஒரு வயதுக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

2001ல் மிரி ஷார்ஃப் என்பவர் பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது, கடைசி வரை இல்லத்தில் தூங்கி வளர்ந்தவர்களிடம் நெருங்கிய உறவுகளைப் பற்றிய சிக்கல் மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தெரிந்தது. சின்ன வயதில் இல்லத்தில் தூங்கி, பிறகு வீட்டுக்கு மாறியவர்கள் அப்படி இல்லை. ஆக, கெட்டது கெட்டதுதான், இனி சரியாகாது என்றும் சொல்ல முடியாது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னாலேயே இது அம்மாக்களுக்குத் தெரிந்திருந்தது. 1950களிலிருந்தே சில கிப்புட்ஸ்களில் பெண்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். கொள்கைத் துரோகம் என்று வாயடைத்தார்கள். 1970களில் இல்லங்களில் வளர்ந்த தலைமுறையே பெற்றோரானது, அதில் பலர் தங்கள் குழந்தையை ராத்திரி அங்கே விட மறுத்தார்கள். ஒவ்வொரு ஊராக வாக்கெடுப்பு நடந்தது, வீடுகளில் கூடுதலாக ஒரு அறை கட்டக் கடன் வாங்கினார்கள். இடதுசாரிக் கிப்புட்ஸ்கள்தான் கடைசி வரை தாக்குப்பிடித்தன. 1991 ஜனவரியில் வளைகுடாப் போரின்போது இராக்கிலிருந்து ஸ்கட் ஏவுகணைகள் வந்து விழுந்தன. விஷவாயு பயத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு அறையின் ஜன்னலை நாடா ஒட்டி மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். போர் சில வாரங்களில் முடிந்தது. பல ஊர்களில் பிள்ளைகள் இல்லத்துக்குத் திரும்பவே இல்லை. 1990களின் இறுதிக்குள் இந்த முறை முற்றிலும் முடிந்துபோனது.

ஒரு விஷயம் எனக்குக் கோபம் வரவைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்களை அடுப்படியிலிருந்து விடுவிக்கத்தான் இது தொடங்கியது. ஆனால் மெட்டபெலெத்தாக ஆண்கள் பெரும்பாலும் வந்ததில்லை, இரவுக் காவல் முறையும் பெண்களுக்கு மட்டும். மிரியம் பராட்ஸ் தொழுவத்தை விடமாட்டேன் என்று நின்றார். அவருடைய பேத்திகள் காலத்தில் கிப்புட்ஸ் பெண்களில் பெரும்பாலோர் சமையலறை, சலவைக்கூடம், குழந்தைகள் இல்லம் மூன்றில் ஒன்றில்தான் வேலை பார்த்தார்கள். தன் குழந்தையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, இன்னொருத்தியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். இதைப் பார்த்த சிலர் "பெண்ணின் இயற்கை அதுதான், மாற்ற முடியாது" என்று புத்தகம் எழுதினார்கள். ஆண்களை ஒரு வாரம் இரவுக் காவலுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. சகி குழு அதற்குப் பிறகு நகரங்களின் பக்கம் திரும்பியது. ஹைஃபாவில் 758 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002ல் வந்தது. அம்மா, பாட்டி, ஆயா, பகல் காப்பகம் என்று எல்லா வகை வளர்ப்பும் அதில் உண்டு. காப்பகக் குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பான பிணைப்பு குறைவாக இருந்தது. கிப்புட்ஸில் முழுநாள் காப்பகம் கெடுக்கவில்லை, நகரத்தில் ஏன் கெடுக்கிறது? காப்பகங்களுக்குள் போய்ப் பார்த்தார்கள். ஒரு ஆள் கையில் அளவுக்கு மீறிய குழந்தைகள். கிப்புட்ஸில் மூன்று நாலு குழந்தைக்கு ஒரு மெட்டபெலெத் இருந்தாரே, அந்தக் கணக்கு இங்கே இல்லை. கூப்பிட்டால் வர ஒருவர் இருந்தார், ஆனால் அவர் இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

கிப்புட்ஸ்களில் குழந்தைகள் இல்லங்கள் இப்போதும் இருக்கின்றன. பகலில் மட்டும். வெளியூர்க் குழந்தைகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போனதும் பூட்டிவிடுகிறார்கள்.